க்ளெபு குளத்துச் சேறு

சுலஸ்மி டீச்சரை எங்கள் பக்கத்தில் யாரும் கெட்டவள் என்று சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்வதில்லை. அவளுக்கு அதுவே பெரிய தண்டனையாகிப் போனது.

க்ளெபு, ஜாவாவின் தெற்கு ஓரத்தில் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே கிடக்கும் ஊர். வானம் கொட்டுகிற மழையை எல்லாம் கல் குடித்துவிடும். கிணறு தோண்டப் போனால் கடப்பாரைதான் வளையும். ஊருக்கென்று இருந்தது ஒரே ஒரு குளம். அதில்தான் மாடு குளிக்கும், பெண்கள் துணி துவைப்பார்கள், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பையைக் கரையில் எறிந்துவிட்டுக் குதிப்பார்கள். தண்ணீர் எந்நேரமும் கலங்கிப் பால் விட்ட டீயின் நிறத்தில் இருக்கும். ஆனால் வெயில் காலத்தில் சுற்றுவட்டாரக் குளங்கள் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது க்ளெபு குளத்தில் மட்டும் முழங்கால் அளவாவது நிற்கும். ஏன் நிற்கிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. நிற்கிறதே, அது போதும் என்று இருந்துவிட்டோம்.

சுலஸ்மியும் ருபியெமும் அந்தக் குளத்தில்தான் நீச்சல் பழகினார்கள். ஒரே மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மிதந்த பழக்கம். அடுத்தடுத்த வீடு, ஒரே வயது. பேரின் வாலை மட்டும் கூப்பிடுவது எங்கள் வழக்கம் என்பதால் ஒருத்தி மீ, இன்னொருத்தி யெம். ருபியெமுக்கு வாய் நீளம். சண்டை வந்தால், "மூஞ்சியப் பாரு, வறுத்த வெட்டுக்கிளி மாதிரி" என்று ஆரம்பித்து, சுலஸ்மியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் தெருவில் போட்டுவிட்டுத்தான் ஓய்வாள். சாயங்காலமே இரண்டு பேரும் ஒரே தட்டில் கிழங்கு தின்றுகொண்டிருப்பார்கள்.

ருபியெம் ஆறாம் வகுப்போடு நின்று மாடு மேய்க்கப் போனாள். சுலஸ்மி படித்து, யோக்யா நகரத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து, க்ளெபு தொடக்கப் பள்ளிக்கே டீச்சராக வந்து சேர்ந்தாள். முதல் திங்கட்கிழமை, காக்கிச் சீருடையும் புது முக்காடுமாகக் குளத்தங்கரை வழியே போனபோது, ருபியெம் ஈரக் கைலியோடு மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஸ்கூலுக்குக் கெளம்பிட்டீங்களா, இபு குரு?" என்றாள்.

சுலஸ்மி சிரித்தாள். டீச்சரம்மா என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்கிறாள், அடுத்து வெட்டுக்கிளி வரும் என்று நின்றாள். வரவில்லை. ருபியெம் முகத்தில் சிரிப்பும் இல்லை. எங்கள் மொழியில் ஆளுக்குத் தகுந்தாற்போலச் சொல்லே மாறும். சாப்பிடுவது, தூங்குவது, வீடு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சொல், மேலே ஒரு சொல். ருபியெம் அன்றைக்கு அவளை மேலே ஏற்றி உட்கார வைத்துவிட்டாள். "ஏன்டி இப்படிப் பேசித் தொலைக்கிற?" என்று சுலஸ்மி அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "ஆமா யெம், நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் வருஷக்கணக்கில் ஒருத்தி 'நீங்க', ஒருத்தி 'நீ' என்றே ஓடிப்போனது.

டீச்சராக அவளைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் பேரில் உயிர். சோப்புத்தூள் பாக்கெட், நூடுல்ஸ் பாக்கெட் என்று குளத்தைச் சுற்றி மினுமினுவென்று கிடந்த குப்பையை முதலில் கண்ணால் பார்த்தவள் அவள்தான். நாங்கள் எல்லாம் அதை மிதித்துக்கொண்டு போய்ப் பழகியவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொறுக்கினாள். பொறுக்கியதைக் கழுவிக் காயவைத்து, காலி பாட்டிலுக்குள் குச்சியால் குத்திக் குத்தி அடைத்து, அந்தப் பாட்டில்களைக் கட்டி வகுப்புக்கு முக்காலி செய்தாள். மட்கும் குப்பைக்கு ஒரு குழி, மட்காததற்கு ஒரு குழி. மூன்றாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களில் வாயாடிகளாகப் பார்த்துப் பொறுக்கி, 'பாக்கெட் போலீஸ்' என்று ஒரு படை. அந்தப் படைக்குத் தலைவி ருபியெமின் மகள் வெனிங். அம்மாவின் பழைய வாய் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. தலைமையாசிரியர் தர்சோனோ ஒருநாள் கிராம்பு சிகரெட்டின் அடித்துண்டை வாசலில் போட்டார்.

"ஸார், உங்க பொருள் ஒண்ணு கீழ விழுந்துடுச்சு" என்றாள் வெனிங், இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

தர்சோனோ குனிந்து எடுத்தார். வேறு என்ன செய்வார், பின்னால் பதினைந்து போலீஸ் நின்றது. சுலஸ்மி ஜன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் வாழ்க்கையின் நல்ல காலம் அதுதான்.

பசுமைப் பள்ளிப் போட்டியில் வட்டார அளவில் க்ளெபு பள்ளி ஜெயித்தது. மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டுமானால் ஊருக்கே பயன்படும்படியாகப் பெரிதாக ஒன்று செய்து காட்ட வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறி. பாடம் நடக்கும்போது வகுப்பே சரக் சரக் என்று சொறிந்துகொண்டிருக்கும். மாடு புரளும் சேற்றுத் தண்ணீரில் குளித்தால் பின்னே என்ன வரும் என்று சுலஸ்மி நினைத்தாள். அவள் நினைத்ததில் தப்பில்லை. குளத்தைத் தூர் வாரி, அடிவரைக்கும் சுத்தம் செய்து, மாடு இறங்காதபடி மூங்கில் வேலி போட்டு, வாரிய சேற்றைப் பள்ளித் தோட்டத்துக்கு உரமாகப் போடுவது என்று திட்டம் வகுத்தாள். கேட்டவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள்.

ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டு அனுமதி கேட்டாள். படம் எல்லாம் வரைந்து கொண்டுபோயிருந்தாள். பேசி முடித்து, "எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?" என்றாள். பாயில் உட்கார்ந்திருந்த ஆண்கள் தலையசைத்து, "இங்கிஹ், இபு குரு" என்றார்கள். டீ டம்ளர்களோடு பின்னால் நின்ற பெண்களும் "இங்கிஹ்" என்றார்கள். ருபியெமும் சொன்னாள்.

இந்த இங்கிஹ் இருக்கிறதே, அது எங்கள் வாயில் நாளைக்கு நூறு தடவை வரும். 'ஆகட்டும்' என்றும் அர்த்தம். 'காதில் விழுந்தது' என்றும் அர்த்தம். 'பெரியவங்க சொல்றீங்க, நான் எதுக்குக் குறுக்கே பேசணும்' என்றும் அர்த்தம். எது என்பதைச் சொன்னவர் முகத்தைப் பார்த்துக் கேட்டவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சுலஸ்மி படங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ருபியெம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். கையில் வாழை இலைப் பொட்டலம்.

"என்ன யெம், இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லீங்க இபு. கெழங்கு வேக வெச்சேன், பூவா வெந்துருச்சு. அதான் உங்களுக்கு ரெண்டு துண்டு."

"உக்காரு."

படியின் ஓரத்தில், பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் உட்கார்ந்தாள். "இந்த வருசம் மழ பிந்தும்ங்கறாங்க" என்றாள்.

"ஆமா, அப்படித்தான் சொல்றாங்க."

"மாடுங்களுக்குப் பாவம், சேறுன்னா உசுரு. காலால மிதிச்சு மிதிச்சுக் களியாக்கிட்டுத்தான் வெளிய வரும்."

"உம்."

"பாண்டன் ஊர்க் குளத்தப் போன வருசம் ஆழமாக்குனாங்களாம்."

"அப்படியா? நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சாம்ங்க. வெள்ளையா, பாக்க அழகா இருக்குதாம்." ருபியெம் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "இப்ப அவங்க மாட்ட நம்ம குளத்துக்குத்தான் ஓட்டியாறாங்க. தூரந்தான், பாவம்."

சுலஸ்மி கிழங்கைத் தின்றாள். நன்றாக வெந்திருக்கிறது என்றாள். ருபியெம் எழுந்து, வரட்டுங்களா என்று கேட்டு, முற்றம் தாண்டிப் போனாள். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மூங்கில் மரத்தடியில் இன்னொரு தடவை.

எங்கள் ஊரில் 'வேண்டாம்' என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய சத்தம் கிடையாது. ஒரு பொம்பளை வேலையை விட்டுவிட்டு, வெயிலில் நடந்து, கிழங்கோடு வந்து, வேறு ஊரைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறாள் என்றால், அவள் தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போகிறாள் என்று அர்த்தம். சுலஸ்மி ஒன்றும் வெளியூர்க்காரி இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் வாளிகள் இரவல் கேட்டு வீடு வீடாகப் போனாள்.

அவள் புருஷன் சுயட்னோ கல் குவாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். குவாரிக்காரரிடம் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பொக்லைனை வாங்கி வந்தான். வெயில் முற்றி, குளம் நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கியிருந்த சமயம். ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. எங்களில் யாரும் வீட்டில் இருக்கவில்லை. அழைத்தால் வராமல் இருப்பது எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் குளத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வரிசை கட்டி, வாளியைக் கைமாற்றிச் சேற்றைக் கடத்தினார்கள். தலையிலிருந்து கால்வரைக்கும் கறுப்பு. பல் மட்டும்தான் தெரிந்தது. கறுப்புச் சேற்றுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வழவழவென்று களிமண் வந்தது. பொக்லைன்காரன் ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்டான்.

"இதையும் எடுத்துரலாமா டீச்சர்? எடுத்தா இன்னும் ஆழம் கெடைக்கும்."

சுலஸ்மி கரையைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றோம். ருபியெம் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

"எடுத்துருங்க" என்றாள் சுலஸ்மி.

அடியில் வெள்ளைக் கல் தட்டியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். குளத்தின் அடி, பல் தேய்த்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது.

மழை வந்தது. குளம் நிறைந்தது. பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்திராத தண்ணீர். கரையில் நின்று பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. பிள்ளைகள் ஸ்பூனைப் போட்டு மூழ்கி எடுத்து விளையாடினார்கள். சொறி காணாமல் போனது. பள்ளித் தோட்டத்தில் அந்தச் சேற்றில் விளைந்த விளைச்சலை என்னவென்று சொல்வது. மிளகாய்ச் செடி இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். காராமணி கொடி வேலியைத் தாண்டிக் கொடிக்கம்பம் வரைக்கும் போனது. கீரையைக் கட்டுக் கட்டாகப் பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். நடுவர்கள் வந்தார்கள், குளத்தைப் பார்த்தார்கள், கீரையைக் கிள்ளிப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மாவட்டத்தில் முதல் பரிசு. கேடயத்தைச் சுலஸ்மி வெனிங்கின் கையில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

மழை நின்ற மறு மாதமே குளம் இறங்க ஆரம்பித்தது. வெயில் அவ்வளவாகக் கூட இல்லை. காலையில் பார்த்த கல் விளிம்பு சாயங்காலம் ஒரு சாண் மேலே நிற்கும். சுலஸ்மி தினமும் பள்ளிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை வந்து பார்த்தாள். ஒருநாள் காலை எல்லாரும் குடத்தோடு வந்தபோது குளத்தில் தண்ணீர் இல்லை. வெள்ளைக் கல்லும், கல்லுக்கு நடுவே விரல் நுழையும் வெடிப்பும்தான் இருந்தது. அந்த வெடிப்புகளை மாடுகள் மிதித்து மிதித்து அடைத்து வைத்திருந்த களியைத்தான் நாங்கள் கைதட்டி அள்ளிக் கொடுத்திருந்தோம். இது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மாடு எல்லாம் கரையில் வரிசையாக நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

ஊர்க்கூடத்தில் மறுபடி கூட்டம். சுலஸ்மி எழுந்து நின்றாள்.

"எல்லாம் என்னால வந்தது. நாந்தான் செஞ்சேன். என்ன சொல்லணுமோ சொல்லுங்க. திட்டுங்க."

பாயில் ஒரு சலசலப்பு. ஒருவர் தொண்டையைச் செருமினார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க இபு குரு. காலம் அப்படி."

"மழ சரியில்லீங்க."

"மேல இருக்கறவன் விருப்பம்."

"நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

டம்ளர்களில் டீ வந்தது. அவளுக்குத்தான் முதல் டம்ளரைக் கொடுத்தார்கள். யாராவது ஒருத்தர் அதை அவள் முகத்தில் ஊற்றியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து சுயட்னோவிடம் அழுதாள். "யாராச்சும் ஒருத்தர் முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனா?" என்றாள். அவன் செருப்பைத் தேடினான்.

அதற்குப் பிறகு தண்ணீர் லாரிதான். வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் டிரம் வந்தது. குவாரியைவிடத் தண்ணீர் லாரியில் கூலி நன்றாக இருக்கிறது என்று சுயட்னோ அதற்கு மாறினான். வேண்டாம் என்று சுலஸ்மி கெஞ்சினாள். "நான் ஓட்டலைன்னா வேற எவனாச்சும் ஓட்டப்போறான்" என்றான். அவன் சொன்னதும் சரிதான். ஆனால் அவள் புருஷன் லாரியின் ஹாரன் சத்தம் கேட்டு ஊர்ப் பெண்கள் டிரம்மை உருட்டிக்கொண்டு ஓடிவருவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அவளைக் கண்டால் அந்தப் பெண்கள் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் போவார்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை துப்புரவு வேளையில் பிள்ளைகளைத் தோட்டத்தில் நிறுத்தினாள். "எல்லாச் செடியையும் புடுங்கிருவோம். சேத்தத் திருப்பிக் கொண்டுபோய்க் குளத்துல போட்டுருவோம்" என்றாள்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மிளகாய் காய்த்துக் கிடந்தது. பாதிக் கத்தரி இன்னும் பிஞ்சு.

"இபு, போன வருசம் செஞ்ச வேலதானே? இப்ப ரிவர்ஸ்லயா?" என்று ஒரு பையன் கேட்டான். யாரோ சிரித்தார்கள். சுலஸ்மி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

வெனிங்தான் முதலில் மண்டியிட்டு ஒரு மிளகாய்ச் செடியைப் பிடுங்கினாள். வேரில் ஒட்டியிருந்த மண்ணை வாளிக்குள் தட்டித் தட்டி உதிர்த்தாள். "ஒரு பொடி விடாதீங்கடா. எல்லாம் குளத்தோடது" என்று மற்றவர்களை அதட்டினாள். மறுபடி அதே வரிசை, அதே வாளிகள், எதிர்த் திசையில். சேற்றுக்குள் காராமணி வேரும் உடைந்த மிளகாயும் கலந்து போயின. வேலியைப் பிரித்து மாடுகளை இறக்கினார்கள். ருபியெம் தன் மாட்டைக் குளத்துக்குள் சுற்றிச் சுற்றி நடத்தினாள், பொழுது சாயும்வரைக்கும். சுலஸ்மியும் செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் மிதித்தாள். அன்றைக்கு ராத்திரி சுலஸ்மிக்குப் பல நாளைக்குப் பிறகு தூக்கம் வந்தது.

முதல் பெருமழையில் குளம் நிறைந்தது. பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடிப்போய் நனைந்துகொண்டே பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் தண்ணீர் சேற்றையும் இழுத்துக்கொண்டு வெடிப்பு வழியாகக் கீழே போய்விட்டது. தோட்டம் இருந்த இடத்தில் கல்லு. குளம் இருந்த இடத்தில் கல்லு. கேடயம் மட்டும் தலைமையாசிரியர் அறைக்குள் கண்ணாடி அலமாரியில் இருந்தது. தர்சோனோ அதை ஒருநாள் பேசாமல் எடுத்துக் கீழ்த் தட்டில், பழைய வரைபடங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அப்புறம் ஒவ்வொரு வீடாக மாட்டை விற்றார்கள். டிரம் தண்ணீரை மனுஷன் குடிப்பதா, மாடு குடிப்பதா? எங்களுக்கு மாடு என்றால் பிள்ளை படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம் அதுதான். ருபியெம் கடைசிவரைக்கும் இழுத்துப் பிடித்தாள். அவள் புருஷன் கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவன். பெருநாளைக்கு வந்தால் உண்டு. பாத்திரம் கழுவிய தண்ணீரை மாட்டுக்குக் கொடுத்துப் பார்த்தாள். மாடு விலா எலும்பு தெரிய நின்றது. வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போனான். அடுத்த வாரமே ருபியெம் ஜகார்த்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள், வெனிங்கை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள் என்று செய்தி வந்தது.

சுலஸ்மி பள்ளி விட்டதும் நேரே அவள் வீட்டுக்குப் போனாள். மாட்டுக் கொட்டகை கூட்டிப் பெருக்கியிருந்தது. உள்ளே பாயில் ருபியெம் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்து, முக்காட்டைச் சரி செய்து, "உக்காருங்க இபு குரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தடுப்பதற்குள் டீயோடு வந்துவிட்டாள். சர்க்கரை அதிகமாகப் போட்ட டீ. தண்ணீர் யாருடைய லாரியில் வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சுலஸ்மி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"யெம், போதும்டி. என்னத் திட்டிரு."

"எதுக்குங்க இபு திட்டணும். விதிங்க."

"பழையபடி திட்டு. வெட்டுக்கிளி மூஞ்சின்னு சொல்லு. எங்கப்பன் ஆத்தாளயெல்லாம் இழு. ஊர்ல ஒருத்தராச்சும் திட்டலைன்னா நான் எப்படி இருப்பேன்?"

ருபியெம் வெனிங்கின் பழைய சட்டை ஒன்றை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"மீ" என்றாள், நிமிராமல்.

அந்தப் பேரைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டிருந்தது. சுலஸ்மிக்குக் கண் நிறைந்துவிட்டது. இனிமேல் எது வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாத. அன்னிக்குக் கெழங்கு எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்கு வந்தேன்ல? நான் எதுக்கு வந்தேன்னு உனக்குப் புரிஞ்சுதா, புரியலையா?"

புரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஊரே அதை நம்பத் தயாராக இருந்தது. இத்தனை நாளும் அவளே அதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள். ஆனால் 'மீ' என்று கூப்பிட்டவளிடம் எப்படிப் பொய் சொல்வது?

"புரிஞ்சுது" என்றாள் சுலஸ்மி.

ருபியெமின் கை நின்றது.

"நல்லா புரிஞ்சுதா?"

"நல்லாவே புரிஞ்சுதுடி. வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தியே, அதுவும் புரிஞ்சுது. ஆனா நீ வாய் விட்டு வேணாம்னு சொல்லல. சொல்லலேங்கறத வெச்சுக்கிட்டு நான்..."

வெளியே கோழி கிளறிக்கொண்டிருந்தது. ருபியெம் அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். அவள் பேசியபோது குரலில் கோபம் இல்லை. கோபம் வரும் என்றுதான் சுலஸ்மி காத்திருந்தாள்.

"ரெண்டு வருசமா நான் என்னையேதான் நொந்துக்கிட்டிருக்கேன் மீ. நம்ம வாய்தான் தப்பு, இன்னும் கொஞ்சம் வெளங்கச் சொல்லியிருந்தா அவ கேட்டிருப்பா, அவ நம்ம மீதானேன்னு. மாட்ட அவுத்துக் குடுக்கறப்போகூட அதுகிட்ட அதத்தான் சொன்னேன். என் தப்புடி, நான் சரியா சொல்லலடின்னு." முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதக் கேக்காமயே நான் போயிருக்கலாம்."

சுலஸ்மி அவள் கையைப் பிடிக்கப் போனாள். ருபியெம் அதற்குள் சட்டையைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, எழுந்துவிட்டாள். முக்காட்டைச் சரி செய்தாள். முகம் ஊர்க்கூடத்தில் டீ கொடுக்கும் முகமாக மாறியிருந்தது. குனிந்து, இரண்டு கையாலும் சுலஸ்மியிடமிருந்து டம்ளரை வாங்கினாள்.

"ஆறிப்போச்சுங்களே, இபு குரு" என்றாள். "இருங்க, சூடா வேற போட்டுத் தரேன்."

உள்ளே போனாள். டிரம்மின் அடியைச் சொம்பு சுரண்டுகிற சத்தம் கேட்டது. இருக்கிற தண்ணீரை எனக்காகச் செலவழிக்காதே, வேண்டாம் என்று சொல்லச் சுலஸ்மி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. டீ வரும்வரைக்கும் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.